மடியில் கனம்

எட்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தேன்.
ஒமாரி என் கையில் கொடுத்தது
ஒரு கள்ளிச்செடி.
"இன்னிக்கு இதைத் தூக்கு, ஜும்பேர்.
நாளைக்குப் பார்க்கலாம்."
வேனில் எவரும் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

கில்தானியில் ஒன்பது மாடிக் கட்டடம்.
லிஃப்ட் காசு கேட்கும்.
போட்டால் ஆளை ஏற்றும், அலமாரியை ஏற்றாது.
இருபது வருஷமாகத் திபிலிசியில்
பாதிப்பேர் வீடு மாறியது
என் முதுகு வழியாகத்தான்:
குளிர்பெட்டி, இரும்புக் கட்டில், தையல் மெஷின்,
ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலி,
அதில் உட்கார்ந்தபடியே இறங்க ஆசைப்பட்ட
பல் டாக்டர்.

பிப்ரவரியில், ஒரு பியானோவின் கீழ்முனையில்,
அடிவயிற்றில் ஏதோ அவிழ்ந்தது.
வலி என்று சொல்ல முடியாது.
கால்சட்டைப் பைக்குள் ஒரு கோழிமுட்டையை
யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி.
படுத்தால் உள்ளே போகும்.
இருமினால் எட்டிப் பார்க்கும்.
மூன்று மாதம்
ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டு
மறு கையால் ஊரைத் தூக்கினேன்.
கேத்தினோவிடம், பெல்ட் இறுக்குது என்றேன்.

டாக்டர் உள்ளே ஒரு வலை வைத்துத் தைத்தார்.
வைப்பதற்கு முந்தின நாள் காட்டினார்,
கொசுவலையில் கிழித்த துண்டு போலிருந்தது.
சதை இதைப் பற்றிக்கொண்டு வளரும் என்றார்.
எவ்வளவு தாங்கும் என்றேன்.
"நீங்கள் எவ்வளவு தூக்குவீர்கள்?"
உண்மையைச் சொன்னேன்.
பேனாவை மூடி வைத்தார்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்கள்.
வயிற்றைக் கட்டியது அவர்.
வாயைக் கட்டியது நாங்கள்.
எட்டு வாரம் பீன்ஸ், மறுபடியும் பீன்ஸ்,
ரொட்டிக்கடை நோட்டில்
எங்கள் பெயருக்கு மட்டும் தனிப் பக்கம்.
எனக்குத் தும்மல் வந்தால்
வயிற்றில் அணைக்கத் தலையணையோடு ஓடிவருவாள் மகள்.
"அப்பா தும்மப் போறார்!"
அவளுக்கு அது விளையாட்டு.
சில சமயம் பொய்யாகவும் தும்மினேன்.

லிஃப்டில் போ என்றார்கள். படியேறினேன்.
மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்?
மடியில் ஒன்றுமில்லை,
கையில் கள்ளி, அதுவும் பிளாஸ்டிக் தொட்டியில்.
ஆனாலும் ஒவ்வொரு படிக்கும்
காலை எடுக்குமுன்
வயிற்றிடம் அனுமதி கேட்டேன்.

நான்காவது மாடித் திருப்பத்தில்
அலமாரி சிக்கியது.
மேல்முனையில் வாஜா.
கீழ்முனையில் பெகா, நான் இல்லாதபோது சேர்ந்தவன்,
என் தோள்வாரை மாட்டியிருந்தான்.
கொக்கி எனக்குத் தெரியாத ஓட்டையில் கிடந்தது.
"கண்ணாடி! கண்ணாடி!" என்று
மாடியிலிருந்து வீட்டுக்காரி கத்தினாள்.
பெகாவின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது.

கள்ளியைப் படியில் வைத்தேன்.
இரண்டு முள் விரலோடு வந்தன.
என் கைகள் எனக்கு முன்பே போய்
பலகையின் அடியைப் பிடித்துவிட்டன.
வயிறு போகவில்லை.
நின்றேன்,
கறவை மாட்டின் விலாவில் கை வைத்து நிற்பதுபோல,
தூக்காமல்,
தூக்கும் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு.
வாஜா ஒரு கெட்ட வார்த்தை சொல்லி இழுத்தான்.
அலமாரி திரும்பியது.

"நீ வந்ததும் பாதியாயிடுச்சு, ஜும்பேர்"
என்றான் பெகா, மேலே போனபடி.
நான் பதில் சொல்லவில்லை.
என் வாழ்நாளில் இத்தனை லேசாக
எதையும் தூக்கியதில்லை.

கள்ளி அங்கேயே இருந்தது.
லிஃப்டைக் கூப்பிட்டேன். இருபது தேத்ரி போட்டேன்.
கதவு மூடியது.
ஏழாவது மாடிவரை நானும் அதுவும்தான்.

தொட்டியைக் காலடியில் வைத்தேன்.
தையல்மேல் உள்ளங்கையை வைத்து
வேண்டுமென்றே, பலமாக,
ஒருமுறை இருமினேன்.

எதுவும் எட்டிப் பார்க்கவில்லை.

இன்னும் ஒரு மாடி இருந்தது.
இன்னொருமுறை இருமினேன்.